வெளிச்சத்துக்கும் சாயம் போகும்

பெரிய காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறை நடத்தும் வேலாயுதத்துக்குப் பள்ளிச் சான்றிதழின்படி வயது ஐம்பத்தேழு. ஆதார் அட்டையின்படி அறுபத்தொன்று. யாராவது கேட்டால் இரண்டுக்கும் நடுவே பிடித்து ஐம்பத்தொன்பது என்பார். எது சரி என்று சொல்லியிருக்கக்கூடிய அவருடைய அம்மா, "நீ பொறந்தன்னிக்கு பேய் மழை" என்ற ஒரே தகவலை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம், பிரபஞ்சத்தின் வயது ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டுகள் என்று கைபேசிக்குள்ளிருந்து ஒரு குரல் அடித்துச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

அது கார்த்திகை மாதம். நான்கு நாளாக விடாத மழை. சாயம் ஏற்றிய பட்டு நூல் கழிகள் மூங்கிலில் தொங்கியபடி, காயவே மாட்டேன் என்று அடம்பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தன. அண்டாவுக்கு அடியில் நெருப்பு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தி வாங்கிக் கொடுத்த கைபேசியை வேலாயுதம் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் காணொளி வந்தது.

தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டங்களின் வெளிச்சம் சிவப்புப் பக்கமாக நகர்ந்து தெரிகிறதாம். ஆகவே அவை நம்மை விட்டு ஓடிக்கொண்டிருக்கின்றனவாம். ஆகவே முன்னொரு காலத்தில் எல்லாம் ஒரே புள்ளியாக இருந்தனவாம். ஆகவே பெருவெடிப்பாம். ஒவ்வொரு 'ஆகவே'க்கும் ஒரு முரசு அதிர்ந்தது.

முதல் 'ஆகவே'யிலேயே வேலாயுதம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கலா! இங்க வாயேன். இத்தக் கேளு. சிவப்பாத் தெரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தமாம்!"

அவர் மனைவி கலாவதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு ஓடறாங்க?"

"நட்சத்திரம்."

"ஓடட்டும். உங்களை இன்னா பண்ணுது அது? பாலு வாங்கியாரச் சொல்லி ஒரு மணி நேரம் ஆவுது."

"முப்பத்தெட்டு வருஷமா கலரோடவே குடும்பம் நடத்திக்கினு இருக்கேன். எவ்ளோ நூலு எப்படி எப்படியோ மாறியிருக்குது. நீலம் பச்சையாயிருக்குது, அரக்கு சிவப்பாயிருக்குது. ஒண்ணாவது ஓடியிருக்குதா? கட்டின கயித்துலயே தொங்கிக்கினு இருந்திச்சு. வெயில்ல நின்னா சாயம் போவும். அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற வெளிச்சத்துக்கும் சாயம் போயிருக்குது. அவ்ளோதான் விஷயம். இத்தப் போய் ஓட்டம், வெடின்னு!"

பால் அன்றைக்கு வரவே இல்லை. மழை கொஞ்சம் விட்டதும் குடையோடு போன வேலாயுதம், இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'பிரபஞ்சம் – சந்தேகங்கள்' என்று எழுதி, இரண்டு கோடுகள் அடித்தார்.

வேலாயுதத்தைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கைராசிக்காரர். கடைக்காரர்கள் மாதிரிக்கு அனுப்பும் ஒரு விரல் நீள நூலைக் காலை வெயிலில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். பிறகு அண்டாவில் எதை எவ்வளவு போட வேண்டும் என்பதை எந்தத் தராசும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. மயில் கழுத்து நிறத்தில் அவரை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் தவறு என்று எதையும் தன் வாயால் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. ஒருமுறை கல்யாணப் புடவைக்கு வெங்காயத்தோல் நிறம் கேட்டிருந்தார்கள். வந்து நின்றது செங்கல் நிறம். கடைக்காரர் நூலைத் தூக்கி வந்து முகத்துக்கு நேரே ஆட்டியபோதும் வேலாயுதம் அசரவில்லை. "கலர் கரெக்டா இருக்குது. உங்க கடை ட்யூப் லைட்டுதான் தப்பு" என்றார். கடைக்காரர் லைட்டை மாற்றிவிட்டுக்கூடப் பார்த்தார். கடைசியில் புடவையைச் செங்கல் நிறத்திலேயே நெய்து, 'சூரியோதயம்' என்று பெயர் வைத்து விற்றார்கள். அதே நிறத்தில் இன்னும் நாலு வேண்டும் என்று பெங்களூரிலிருந்து கேட்டு வந்ததில் வேலாயுதத்தின் தலைக்கனம் இன்னும் ஒரு சுற்று கூடியது.

அப்படிப்பட்டவர், விஞ்ஞானம் முழுவதையும் ஒரு பழுதான ட்யூப் லைட்டாகப் பார்த்ததில் வியப்பில்லை.

நோட்டு மளமளவென்று நிரம்பியது. எல்லாம் ஒரே புள்ளியில் இருந்தது என்றால், அந்தப் புள்ளி எங்கே இருந்தது? வாலாஜாபாத் பக்கமா, உத்திரமேரூர் பக்கமா? வெடித்தது என்கிறார்கள், சத்தம் கேட்டது யார்? ஒன்றுமே இல்லாத இடத்தில் வெடித்ததற்கு மருந்து எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தெருவில் போன தீபாவளிக்கு வெடித்த அணுகுண்டுக்கே, யார் வைத்தது என்று இன்னும் தகராறு தீரவில்லை. இத்தனை கோடி வருஷத்துக்கு முந்தைய வெடிக்கு நொடிக்கணக்கில் விவரம் சொல்வது எப்படி? இப்படி முப்பத்தேழு சந்தேகங்கள். எல்லாவற்றுக்கும் தலையாயது அந்த முதல் சந்தேகம்: வெளிச்சத்துக்குச் சாயம் போயிருக்கிறது; யாரும் எங்கேயும் ஓடவில்லை.

ஆட்டோ நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் இதைத் தினமும் விளக்கினார். முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவது வாரம் தலையை ஆட்டினார்கள். மூன்றாவது வாரம், அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்ததும், இல்லவே இல்லாத சவாரிக்கு ஆட்டோக்கள் புறப்பட்டன.

அந்தச் சமயத்தில்தான் பாண்டியன் வந்து சேர்ந்தான். 'காஞ்சி கர்ஜனை' என்று ஒரு யூடியூப் சேனல் வைத்திருப்பவன். எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும், எந்த உற்சவத்துக்கு எந்தத் தெருவில் வண்டி விடமாட்டார்கள் என்பதையெல்லாம் உச்சக் குரலில் அறிவிப்பது அவன் தொழில். சாயம் ஏற்றுவதைப் படம் பிடிக்க வந்தவனிடம், மஞ்சள் அண்டா கொதிப்பதற்குள் வேலாயுதம் பிரபஞ்சத்தை முடித்துவிட்டார். பாண்டியன் கேமராவை அண்டாவிலிருந்து அவர் முகத்துக்குத் திருப்பினான்.

மறுநாள் காணொளி வந்தது. தலைப்பு: 'விஞ்ஞானிகளை அலறவிட்ட காஞ்சிபுரம் சாயத் தொழிலாளி!'

எந்த விஞ்ஞானியும் அலறவில்லை. எந்த விஞ்ஞானிக்கும் சங்கதியே தெரியாது. ஆனால் ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். 'ஐயா, இத்தனை நாளா எங்க இருந்தீங்க' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'பட்டறையில்' என்று வேலாயுதம் தாமே ஒரு விரலால் தட்டித் தட்டிப் பதில் போட்டார். அதற்கு எண்ணூறு பேர் கைதட்டினார்கள்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அரக்கோணத்திலிருந்து ஒருவர் ரயில் ஏறி வந்து, பூமி தட்டை என்பதற்கு ஆதாரமாக ஒரு மூட்டை காகிதத்தைப் பட்டறையில் இறக்கினார். "நீங்க ஆரம்பிச்சிட்டீங்க ஐயா, நாம சேர்ந்து முடிச்சிடலாம்" என்றார். வேலாயுதம் திகைத்துப்போனார்.

"பூமி உருண்டைதாங்க. அதுல எனக்கு சந்தேகம் இல்லையே."

"மொதல்ல அப்படித்தாங்க இருக்கும்," என்று அரக்கோணத்துக்காரர் ஆறுதல் சொன்னார். "எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு."

'தொல்லறிவு மீட்புப் பேரவை' என்ற ஒன்றின் தலைவர் வீரபத்திரன் நேரில் வந்து, பாராட்டு விழா எடுக்கப்போவதாக அறிவித்தார். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே முன்னோர்களின் ராக்கெட்டுகளைப் பற்றி ஆராயத் தொடங்கியவர். சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றில் விழா நடந்தது. வேலாயுதத்துக்கு 'அண்டப் பேரறிஞர்' என்று பட்டம் கொடுத்து, அரக்கு நிறத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். தோளில் விழுந்த கணமே அது பாலியஸ்டர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மண்டபத்தில் மின்விசிறி வேலை செய்யவில்லை. அரை மணியில் வியர்வை ஊறி, அவருடைய வெள்ளைச் சட்டையின் இரண்டு தோளும் சிவந்துவிட்டன. மேடையில் பேசியவர்கள் 'அறிவுலகின் ஆதவன்' என்றெல்லாம் அடுக்கிக்கொண்டிருக்க, பேரறிஞர் பொன்னாடையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுக்குப் பேர்போன ஊரில், சாயக்காரனுக்கே சாயம் நிற்காத துணி!

அதைவிடப் பெரிய சங்கடம் பேச்சுகளில் இருந்தது. எல்லோரும் அவரோடு ஒத்துப்போனார்கள். ஒருவருக்குக்கூட அவர் சொன்னது புரிந்திருக்கவில்லை. ஒருவர் வெளிச்சம் என்பதே மாயை என்றார். இன்னொருவர் நிலாவுக்கு யாரும் போகவில்லை என்றார். வீரபத்திரன், ஆறாயிரம் வருஷத்துக்கு முன்பே நாம் நட்சத்திரங்களுக்குப் போய் வந்துவிட்டதால் இதையெல்லாம் ஆராய்வதே வீண் வேலை என்று முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கலாவதி சட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தக் கறை இனிமே போவாது. இன்னா சொன்னாங்க?"

"நான் சொன்னது கரெக்டுன்னாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி தொங்குது?"

வேலாயுதம் பொன்னாடையை மடித்து மூலையில் வைத்தார். ஆயுசு முழுக்க எல்லோரும் தன்னைச் சரி என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டவர். சொன்னபோது, இவர்கள் சொல்லியா நாம் சரியாக வேண்டும் என்று இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஷஹர்பானு பட்டறைக்கு வந்தாள். சரிகை வியாபாரி ஜியாவுதீன் பாயின் மகள். நாற்பது வயது இருக்கும். ஊரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. வேலாயுதம் அவளைப் பாவாடை கட்டின நாளிலிருந்து பார்த்திருக்கிறார். ஆனால் அவள் என்ன பாடம் நடத்துகிறாள் என்று அன்றுவரை கேட்டதில்லை.

"அங்கிள், உங்க வீடியோ பார்த்தேன்."

"மூணு லட்சம் பேரு பார்த்துட்டாங்கமா," என்றார், அடக்கமாக இருக்க முயன்றபடி.

"முழுசா எத்தனை பேர் பார்த்தாங்கன்னு தெரியாது. நான் ரெண்டு தடவை முழுசாப் பார்த்தேன். நல்ல கேள்வி. பதில்தான் தப்பு. என் ஸ்டூடண்ட்ஸ் இதையே கேட்டுக்கினு இருக்காங்க. காலேஜுக்கு வந்து நீங்களே சொல்றீங்களா? நான் பதில் சொல்றேன்."

இதில் 'நல்ல கேள்வி' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே வேலாயுதத்தின் காதில் விழுந்தன. மீதியை அண்டாவின் கொதிப்பு அமுக்கிவிட்டது.

கல்லூரிக்குப் போகும் நாளில் புதுச் சட்டை. கையில் மஞ்சள் பை. அதில் இரண்டு நூல் கழிகள். ஒன்று புதிதாகச் சாயம் ஏற்றிய அரக்கு. இன்னொன்று அதே அண்டாவில் வெந்து, ஒரு மாதம் மொட்டைமாடி வெயிலில் கிடந்தது. அறை நிறைய மாணவிகள். பின்வரிசையில் பாண்டியன், கேமராவும் முக்காலியுமாக.

வேலாயுதம் இரண்டு கழிகளையும் தூக்கிப் பிடித்தார்.

"ஒரே அண்டா, ஒரே சாயம். இது பெட்டியில இருந்திச்சு. இது வெயில்ல இருந்திச்சு. பாருங்க, எப்படி வெளுத்துக்கினு நிக்குது. பத்தடி கயித்துல ஒரு மாசம் தொங்குன பட்டுக்கே இந்தக் கதின்னா, நூறு கோடி வருஷம் நடந்து வர்ற வெளிச்சம் இன்னாத்துக்கு ஆவும்? இதுல ஓட்டம் எங்கேர்ந்து வந்திச்சு?"

கைதட்டல் பிய்த்துக்கொண்டது. ஷஹர்பானுவும் தட்டினாள். பிறகு பலகையில் ஒரு நீளமான பட்டை வரைந்தாள்.

"அங்கிள், நட்சத்திர வெளிச்சத்தை வானவில் மாதிரிப் பிரிச்சா, நடுநடுவே கறுப்புக் கோடுங்க தெரியும். ஹைட்ரஜனுக்கு ஒரு வரிசை, இரும்புக்கு ஒரு வரிசை. எந்த இடத்துல எந்தக் கோடு வரணும்னு கணக்கு இருக்குது. புடவைக்கு வர்ற கோடு மாதிரின்னு வெச்சுக்கங்களேன். நாங்க சிவப்புன்னு சொல்றது மொத்தக் கலரை இல்லை. இந்தக் கோடுங்க எல்லாமே இருந்த இடத்தை விட்டு சிவப்புப் பக்கமா நகர்ந்து இருக்குது. இப்ப நீங்க சொல்லுங்க. கோடு போட்ட புடவை வெயில்ல கிடந்து சாயம் போனா, கோடு இடம் மாறுமா?"

வேலாயுதம் கையிலிருந்த கழிகளைப் பார்த்தார். சாய விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வராது.

"மாறாது. வெளுக்கும். அங்கேயேதான் இருக்கும்."

"எப்படிப் பண்ணா கோடு நகரும்?"

"பட்டுல நகராது. பனியன் துணியா இருந்து இழுத்தா..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். தன் வாயாலேயே என்ன சொல்லவைக்கிறாள் இந்தப் பெண் என்பது அப்போதுதான் உறைத்தது. "யோசிக்கணும்மா," என்று சொல்லிவிட்டு, கழிகளைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று மாலையே காணொளி வெளியானது. 'சாயத் தொழிலாளி முன் திணறிய பேராசிரியை! மாணவிகள் கைதட்டல்!' கைதட்டலோடு முடிந்துவிட்டது. கோடும் இல்லை, பனியனும் இல்லை. வேலாயுதம் பாண்டியனுக்குப் போன் செய்தார்.

"இன்னாபா, அந்தப் பொண்ணு பேசினது எங்கே?"

"எடிட்டிங்ல போயிடுச்சு ஐயா. டயம் பத்தலை."

"அதாம்பா முக்கியமே."

"ஐயா, நம்ம ஆடியன்ஸுக்கு அது செட் ஆவாது."

வேலாயுதம் நல்ல சாயக்காரர் என்பதால் மாதிரி பார்க்காமல் எதையும் விடுவதில்லை. புதுப் பனியன் ஒன்றில் நீலச் சாயத்தால் சின்னதும் பெரியதுமான இடைவெளிகளில் எட்டுக் கோடுகள் போட்டார். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கலாவதியிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். தையல்காரரின் அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்தது கலாவதிதான்.

"ஒரு இன்ச்சு இருந்தது ஒண்ணரையா ஆயிருக்குது. ரெண்டு இருந்தது மூணு. நாலு இருந்தது ஆறு. எல்லாமே அதே விகிதம்தான் ஏறியிருக்குது," என்றாள். பிறகு பனியனை விட்டாள். அது பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. "அந்தப் பொண்ணு சொன்னது சரிதானே?"

"அவசரப்படாதே."

"நான் எங்க அவசரப்படறேன்? இதோட நாலு பனியன் போச்சு."

பதினைந்து நாள் வேலாயுதம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. மயில் கழுத்து ஒருமுறை மயிலின் வேறு ஏதோ பாகமாக வந்தது. பதினாறாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜியாவுதீன் பாய் வீட்டுக்குப் போனார். பாய் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சரிகைக்கு ஏற்ற சாயம் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து வரவேற்றவர், பேச்சு நட்சத்திரத்துக்குப் போனதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்கத் தொடங்கினார்.

"பானுமா, வழி கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் வேலாயுதம். "நட்சத்திரம் ஓட வேணாம், எதுவும் இழுக்க வேணாம். வெளிச்சம் அவ்ளோ தூரம் வந்து களைச்சுப் போவுது. தெம்பு குறையுது. தெம்பு குறைஞ்சா சிவப்புப் பக்கம் போவும்னு உன் ஸ்டூடண்ட்ஸுக்காக நீயே போட்ட யூடியூப் பாடத்துல சொல்லியிருக்கே. எல்லாக் கோடுக்கும் ஒரே விகிதத்துல தெம்பு குறைஞ்சா, எல்லாக் கோடும் சேர்ந்து நகராதா?"

ஷஹர்பானு டீ தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதை யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? பனியன் இழுத்துப் பார்த்தேன்."

"அங்கிள், நூறு வருஷத்துக்கு முன்னாடி பெரிய விஞ்ஞானிங்க இதையேதான் சொன்னாங்க. ரொம்ப நாள் சண்டை போட்டாங்க."

வேலாயுதம் ஜியாவுதீன் பாயைப் பார்த்தார். பாய் மகளைப் பார்த்தார். "அப்ப ஜெயிச்சது யாரு?" என்றார் பாய்.

"அவங்க தோத்துட்டாங்க, அத்தா." பிறகு வேலாயுதத்தின் பக்கம் திரும்பினாள். "ஒருவகை நட்சத்திரம் வெடிச்சு, பளிச்சுன்னு எரிஞ்சு, மங்கிப் போவும். கிட்டத்துல இருக்கறது இருபது நாள்ல மங்குதுன்னா, ரொம்ப தூரத்துல இருக்கற அதே வகை நட்சத்திரம் மங்க நாப்பது நாள் ஆவுது. எவ்ளோ சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்குதோ, சரியா அதே அளவு மெதுவா மங்குது. வெளிச்சம் களைச்சுப் போனா கலரு மாறும், சரி. இருபது நாள் எப்படி அங்கிள் நாப்பது நாள் ஆவும்?"

வேலாயுதம் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாய் வீட்டம்மா இரண்டாவது தடவை டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டியது.

"ஆவாது," என்றார் வேலாயுதம் கடைசியில். "மொத்தமா இழுபட்டாத்தான் ஆவும்." மறுபடி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரி, இழுக்கறது யாரு?"

"யாரும் இல்லை. இடமே விரியுது. ஆரம்பத்துல எதனால விரியத் தொடங்கிச்சுன்னு உறுதியாத் தெரியாது."

"அதுக்கு முன்னாடி இன்னா இருந்திச்சு?"

"தெரியாது, அங்கிள். 'முன்னாடி'ன்னு ஒண்ணு இருந்திச்சான்னே தெரியாது."

"அந்த ஒரே புள்ளி?"

"அதுவும் அவ்ளோ உறுதி இல்லை. ரொம்பச் சூடா, ரொம்ப நெருக்கமா இருந்திச்சு. அதுவரைக்கும்தான் சொல்ல முடியும்."

வேலாயுதம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இத்த ஏம்மா அந்த வீடியோக்காரன் சொல்லலே? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நோட்டே வாங்கியிருக்க மாட்டேனே! அவன் முரசு அடிச்சு, முரசு அடிச்சு இல்ல சொன்னான்?"

"தெரியாதுன்னு சொன்னா யாரு பார்ப்பாங்க?" என்றாள் ஷஹர்பானு.

வீட்டுக்கு வந்து கலாவதியிடம், "கலா, நான் சொன்னது தப்பு" என்றார். முப்பத்திரண்டு வருஷ இல்லற வாழ்க்கையில் அவள் அந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை. கையிலிருந்த முறத்தை இறக்கி வைத்தாள். "திருப்பிச் சொல்லுங்க," என்றாள். சொன்னார். உடனே அவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, தன் தம்பி கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து கூட்டிக்கொண்டு போனது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் கஷாயமே போதும் என்று சொன்னது, கீர்த்தியை கம்ப்யூட்டர் பாடத்துக்கு விடமாட்டேன் என்று ஒரு வருஷம் வீணடித்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அண்டத்தில் ஆரம்பித்தது அடுப்படிக்கு வந்துவிட்டதே என்று வேலாயுதம் பதறினார். கீர்த்தி விஷயத்தை மட்டும் ஒப்புக்கொண்டார். மற்றவற்றுக்கு யோசிக்க அவகாசம் கேட்டார்.

ஊரறியச் சொன்னதை ஊரறியவே திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பாண்டியனைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து, கோடு, பனியன், இருபது நாள், நாற்பது நாள் எல்லாவற்றையும் விளக்கி, "நான் சொன்னது தப்புங்க. அந்த அம்மா சொன்னதுதான் சரி. மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டார்.

பாண்டியன் கேமராவை நிறுத்தினான். "ஐயா, இத்தப் போட்டா சேனலே காலி."

"போடலைன்னா இனிமே என் பட்டறைப் பக்கம் வராதே."

பாண்டியன் போட்டான். தலைப்பு: 'மிரட்டலுக்குப் பணிந்தாரா காஞ்சி விஞ்ஞானி? கண்கலங்கிய அதிர்ச்சி வீடியோ!' வேலாயுதத்தின் கண் கலங்கியது உண்மைதான். பக்கத்து அண்டாவில் ஆசிட் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். தப்பு என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் முதலில் சொன்னதுதான் உண்மை என்று ஊர் உறுதியாக நம்பியது. அமெரிக்காவே ஆடிப்போய் ஆள் அனுப்பியிருக்கிறது என்றார் ஒருவர். வேலாயுதம் பேசும்போது மூன்று தடவை இமைத்தது ஒரு ரகசியச் சைகை என்று இன்னொருவர் வட்டம் போட்டுக் காட்டினார். வீரபத்திரன், பேரவையின் அவசரக் கூட்டத்தில், 'அண்டப் பேரறிஞர்' பட்டத்தைத் திரும்பப் பெறுவதா, அல்லது 'தியாகி' என்பதைச் சேர்ப்பதா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்; முடிவு தெரியவில்லை. அரக்கோணத்துக்காரர் போனில் அழுதார்.

"உண்மையைச் சொல்லுங்க ஐயா. வூட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலைங்க. நான்தான் போனேன். டீ குடுத்தாங்க."

"டீ," என்றார் அவர், எல்லாம் புரிந்தவர் போல. "அதுல இன்னா கலந்தாங்களோ." போனை வைத்துவிட்டார்.

வேலாயுதம் சில நாள் எல்லோருக்கும் பதில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பதிலுக்கும் நாற்பது பேர் அனுதாபம் தெரிவித்தார்கள். அதன்பிறகு விட்டுவிட்டார். டீக்கடைக்கு மறுபடி போக ஆரம்பித்தார். அங்கே இப்போது ஆட்டோக்காரர்களே இரண்டு கட்சி. வெளிச்சத்துக்குச் சாயம் போகும் என்று அவருடைய பழைய வாதத்தை அவரிடமே ஒருவர் அடித்துப் பேசுகிறார். அவர் மறுத்தால், "உங்க நெலமை எங்களுக்குப் புரியுதுபா" என்று தோளைத் தட்டுகிறார். அவர் வருவது தெரிந்தால் ஒரு ஆட்டோவும் புறப்படுவதில்லை. தெருமுனையில் தயங்கி நிற்பது இப்போது வேலாயுதம்தான்.

இதெல்லாம் நடந்தும் அவருக்குச் சந்தேகம் விட்டபாடில்லை. ஷஹர்பானு கொடுத்த புத்தகம் ஒன்றை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாளைக்கு இரண்டு பக்கம் என்று படிக்கிறார். இரண்டாவது நோட்டு வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் போன் போகும். போன வாரம் வந்தது இது:

"பானுமா, இந்தக் கரும்பொருள், கரும்பொருள்னு போட்டிருக்குதே. அண்டத்துல முக்காவாசி சரக்கு அதுதான்னு. அது கறுப்புக் கலரா, இல்லே கலரே இல்லாததா?"

"கலரே இல்லை, அங்கிள். வெளிச்சத்தை உறிஞ்சறதும் இல்லை, திருப்பி அனுப்பறதும் இல்லை. வெளிச்சம் பாட்டுக்கு அதுக்குள்ளே பூந்து போயிடும்."

"அப்ப அது கண்ணாடி மாதிரி இல்ல? கறுப்பு சாயம் போட்டுப் பார்த்திருக்கியா நீ? அது எல்லா வெளிச்சத்தையும் முழுங்கும். முழுங்காத ஒண்ணுக்குக் கறுப்புன்னு எவன் பேரு வெச்சான்?"

போனின் அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"பேரு தப்புதான், அங்கிள்," என்றாள் ஷஹர்பானு.

"கலா!" என்று வேலாயுதம் உள்ளே பார்த்துக் கூவினார். "கலா, இங்க வா, சீக்கிரம். ஸ்பீக்கர்ல போடறேன். பானுமா, இன்னொரு தடவை சொல்லும்மா."